நான் அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டவை

ஐம்பத்தேழாம் வருஷம், கோடை விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தபோது அப்பாவுக்கு மூத்திரம் நின்றுபோயிற்று. முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே கொல்லைப்புறத்துக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. விடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "பாப்பா, ரிக்‌ஷா ஒண்ணு கூட்டியா" என்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அவருக்கு நான் பாப்பாதான்.

உப்பளத்தில் இரண்டு அறை வீடு. அதில் நாங்கள் இரண்டே பேர். அம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினவன், அங்கேயே தங்கிவிட்டான். அப்பா மில்லில் தறி ஓட்டி ஓய்ந்தவர். நான் கன்னியாஸ்திரீகளிடம் இலவசமாகப் பிரெஞ்சு படித்து, பெண்கள் ஆரம்பப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்தேன். சண்டை சச்சரவு என்று எதுவும் கிடையாது. ஆனால் ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொள்ளும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சோறு போடட்டுமா. போடு. மழை வருமா. வரும்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய் வைத்து மூத்திரத்தை எடுத்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவு நிம்மதியை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டர் வெள்ளைக்காரர். ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறிய பிறகு அவருடைய ஜனங்களில் நிறையப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் ஏனோ தங்கியிருந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வலி', 'வாயைத் திற', 'பயப்படாதே' என்ற மூன்றுதான். மறுநாள், "ரேடியோ எடுக்க வேண்டும்" என்றார். அப்பாவுக்கு அந்தச் சொல் மட்டும் காதில் விழுந்தது. "எனக்கு எதுக்கு பாப்பா ரேடியோ? பாட்டு கேக்குற நெலமையிலயா இருக்கேன்?" என்றார். எக்ஸ்ரேயைத்தான் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். அப்பா சிரித்தார். அந்த டாக்டர் வாயால் சொன்னதில் நான் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

நான்காம் நாள் டாக்டர் அப்பாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஆண்கள் வார்டு. நான் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்தேன். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த இடங்களைக் காட்டினார். அப்புறம் நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார்.

மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியில் புற்று. அது எலும்புக்குப் போய்விட்டது. வெட்டி எடுக்க முடியாது. குணமாக்கவும் முடியாது. ஆனால் அந்தப் புற்று ஆண் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பைத் தின்றுதான் வளர்கிறது. அந்தச் சுரப்பை நிறுத்தினால் புற்று அடங்கும், வலி குறையும். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, விதைகளை எடுத்துவிடுவது. சின்ன ஆபரேஷன், ஒரே தடவை. இன்னொன்று, பெண் சுரப்பு மாத்திரை. அதைத் தினமும் சாப்பிட வேண்டும், விடக்கூடாது. அதில் மார்பு பெண்களுக்குப் போல வீங்கும், கால் வீங்கலாம், இருதயத்துக்கும் நல்லதில்லை. எந்த வழியில் போனாலும் என்றைக்காவது அது திரும்பி வரும்.

"மத்மொசெல், இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். உடம்பு அவருடையது. எது வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

பிரெஞ்சில் கேட்கும்போது அந்தச் சொற்கள் எனக்கு உறைக்கவில்லை. பாடப் புத்தகத்தில் வரும் சொற்களைப் போலத்தான் இருந்தன. தமிழில் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்ததும்தான் உறைத்தன. அந்த ஆபரேஷனுக்கு எங்கள் ஜனங்கள் வாயில் புழங்கும் சொல் ஒன்றே ஒன்றுதான். மாட்டுக்குச் சொல்வது. காயடிப்பது. தன் கோவணத்தைக்கூட என்னைத் துவைக்க விடாத மனிதரிடம் அந்தச் சொல்லை நான் எப்படிச் சொல்வேன்? அதற்கு முன்னால் புற்று என்ற சொல் வேறு நின்றது.

"மூத்திரப்பை கிட்ட ஒரு வீக்கமாம்பா. மாத்திரை சாப்புட்டா அடங்கிடுமாம்" என்றேன்.

"அவ்ளோ நேரம் பேசினாரே. இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்பா."

"கையை வெச்சி கீழ இன்னாவோ காட்டினாரே."

"அது வீக்கம் எங்க இருக்குதுன்னு காட்டினாரு."

அப்பா தலையாட்டினார். நான் டாக்டர் பக்கம் திரும்பி, "அப்பா மாத்திரையைத் தேர்ந்தெடுக்கிறார், முசியே" என்றேன்.

"எல்லாவற்றையும் புரிந்துகொண்டாரா?"

"புரிந்துகொண்டார்."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா இரண்டு கையையும் கூப்பிச் சிரித்தார். டாக்டர் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் முதுகுவலி போயிற்று. சரியாகச் சாப்பிட்டார். சாயங்காலம் கடற்கரை வரைக்கும் நடந்துபோய், பழைய மில் சிநேகிதர்களோடு சீட்டாடிவிட்டு வந்தார். சொல்லாமல் விட்டதால் என்ன கெட்டுப்போயிற்று என்று நான் எனக்குள் கேட்டுக்கொள்வேன். தெரிந்திருந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு சீட்டாடப் போவாரா? அப்போது எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து அப்பா தெருக்குழாயில் குளிப்பதை நிறுத்தினார். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொல்லையில் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தார். சீட்டாடப் போகவில்லை. புழுக்கத்திலும் ஜிப்பாவைக் கழற்றவில்லை. சிநேகிதர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தபோது, "தூங்குறேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்தபடியே என்னிடம் சொன்னார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டது. வாசற்கதவு ஒருக்களித்திருந்தது. அப்பா சுவர்க் கண்ணாடி முன்னால் ஜிப்பாவைக் கழுத்துவரை தூக்கிக்கொண்டு நின்றார். இரண்டு உள்ளங்கையையும் மார்மேல் வைத்து, அடிபட்ட குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓசையில்லாமல் தெருவுக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு தாழ்ப்பாளைச் சத்தமாக ஆட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் ஜிப்பாவோடு பாயில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டார். "பாப்பா, ஒடம்புல வேற ஏதாச்சும் வந்துதுன்னா அந்த டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

"இன்னா வந்துதுப்பா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அது மாத்திரையால் வந்தது, வேறொன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அதைச் சொன்னால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் வரிசையாக வரும். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

மாதாமாதம் நான்தான் மாத்திரை வாங்கி வருவேன். புட்டி ஒழுங்காகக் காலியாகும். மாத்திரைகளை அவர் வாய்க்காலில் போட்டுக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது; பின்னால் அவரே டாக்டரிடம் சொல்லித்தான் தெரிந்தது. தனக்கு என்னவோ கேவலமான வியாதி வந்துவிட்டது, அது மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் வந்தது என்பதை மட்டும் அவராகவே கண்டுபிடித்திருந்தார். யாரிடமும் கேட்க முடியாததால் ஆராய்ச்சியும் வைத்தியமும் தானே செய்துகொண்டார்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு காலை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகில் கத்தி இறங்குகிறது என்றார். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் இடத்தில் மதராஸிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நேராக அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது பெரியவரே?" என்று தமிழில் கேட்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வலியைத் தன் வாயால் ஒரு டாக்டரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில் ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன்.

சோதிப்பதற்காக ஜிப்பாவைத் தூக்கினார்கள். அப்பா இரண்டு கையாலும் தடுத்தார். டாக்டர் அந்தக் கைகளை மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரை சாப்பிட்டா இப்படி வீங்கும்னு சொல்லியிருப்பாங்களே" என்றார்.

"மாத்திரையாலயா?"

"ஆமா. அப்படித்தான் ஆகும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இல்லீங்க ஐயா. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல."

டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டினார். எல்லாம் பிரெஞ்சு. ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார். "எனக்கு இது தெரியாதும்மா. நீங்க டீச்சர்னு சொன்னீங்களே. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அந்தச் சாய்ந்த கையெழுத்தை நான் வாங்கிப் படித்தேன். ஒருமுறை மனதுக்குள். பிறகு தமிழில், சத்தமாக. "நோய் இன்னது என்பதும், இரண்டு வழிகளும், மாத்திரையினால் வரும் விளைவுகளும் மகள் மூலமாக நோயாளிக்கு முழுதாக விளக்கப்பட்டன. நோயாளி மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்."

ஒரு சொல்லையும் விடவில்லை. விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. களைத்துப்போயிருந்தேனோ என்னவோ.

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்படியா எழுதியிருக்குது?"

"ஆமாம்பா."

"பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கும் இப்படித்தான் பாதி பாதியா சொல்லிக் குடுக்குறியா?"

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளையே வாங்கித் திருப்பிப்போட்டு, பேனாவால் மூத்திரப்பையையும் அதன் கீழே எலுமிச்சங்காய் போல ஒரு சுரப்பியையும் வரைந்தார். வெள்ளைக்கார டாக்டர் என்னிடம் சொன்னதையெல்லாம் அப்பாவிடம் தமிழில் சொன்னார். புற்று என்ற சொல் வந்தபோது அப்பாவின் கண் இமைகூட ஆடவில்லை. எலும்பு என்றபோது, "அதான் முதுகா" என்றார். ஆபரேஷனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, டாக்டர் என்னைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்.

"மாட்டுக்குக் காயடிப்பாங்களே, அதானே ஐயா?" என்று அப்பாவே கேட்டார்.

அவ்வளவுதான். நான் ஒன்றரை வருஷமாகத் தூக்கிச் சுமந்த சொல் அவர் வாயிலிருந்து சாதாரணமாக விழுந்தது.

"அதேதான் பெரியவரே. ஆனா மயக்கம் குடுத்து, வலி இல்லாம."

"அதை எடுத்துட்டா புத்து ஏன் அடங்குது?"

"அது ஊட்டுற சாரத்துலதான் புத்து வளருது."

அப்பா யோசித்தார். "மேல ஓடுற பெல்ட்டைத் தட்டி விட்டுட்டா தறி நின்னுடும். தறி அங்கயேதான் இருக்கும். ஓடாது. அப்படியா?"

"இதைவிட நல்லா எனக்குச் சொல்ல வராது" என்றார் டாக்டர். "ஆனா ஒரு நாள் பெல்ட் இல்லாமலே அது ஓட ஆரம்பிக்கும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"எத்தினி நாளு?"

"தெரியாது. சில பேருக்கு மாசம், சில பேருக்கு வருஷம். பொய் சொல்ல விரும்பல."

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம், மார் வீக்கம் இருக்கத்தான் செய்யும். ஆபரேஷன் என்றால் கால் மரத்துப்போனதற்கு அதுதான் சீக்கிரம் கேட்கும். இரண்டும் வேண்டாம் என்றால் வலிக்கு மட்டும் மருந்து. டாக்டர் இப்படி மூன்றையும் சொல்லி முடித்தபோது அப்பா என் பக்கம் பார்க்காமலே, "பாப்பா, நீ செத்த வெளிய இரு. நான் ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

வராந்தாவில் போய் நின்றேன். பூவரச மரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பாவின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை டாக்டர் சிரித்தார். அப்பா என்ன கேட்டார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அரைமணி நேரத்தைப் போலத் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. அவர் இறந்த அன்றுகூட.

ஆபரேஷன் என்று முடிவு செய்தார். மூன்று நாளில் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் முதுகுவலி பாதியாகிவிட்டது. காலில் உணர்ச்சி வந்தது. என்னிடம் மட்டும் "தண்ணி", "போதும்", "போய்ட்டு வா" என்ற மூன்றைத் தவிர வேறு பேசவில்லை. நான் காலையிலும் பள்ளி விட்ட பிறகும் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வந்து சேர்ந்தார். அவருக்கும் அப்பாவுக்கு வந்த அதே நோய்தான். உடம்புச் சூடு என்று அவர் பெண்டாட்டி அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தூணருகே நின்றுவிட்டேன்.

"சூடு கீடு ஒண்ணும் இல்ல. அதுக்குப் பேரு புத்து. டாக்டரைக் கேளு, சொல்லுவாரு. மாத்திரைன்னா இது வரும், பாத்துக்க" என்று அப்பா ஜிப்பாவைக் கழுத்துவரை தூக்கிக் காட்டினார். யாரும் பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பவில்லை. "கத்தின்னா வலி சீக்கிரம் போவுது. ஆனா ஒடம்பு திடீர் திடீர்னு பத்திக்கும். பொம்பளைங்களுக்கு வயசானா வருமே, அது மாதிரி. நீதான் யோசிக்கணும்."

மீனவர் இரண்டு நாள் யோசித்தார். டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எனக்கு ரெண்டும் வேணாம். வலிக்கு மட்டும் குடுங்க. நான் கரையில கெடக்குறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது அவர் பெண்டாட்டி மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே நின்றாள்.

"நீ வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா அது மாத்திரையாச்சும் தின்னுருக்கும்" என்றாள். அவள் அழவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு, பல நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான் சொன்னது தப்பா பாப்பா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். "தெரியலப்பா" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். அப்புறம், "சோறு ஆறிடப்போவுது, எடு" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம்போல இருந்தார். கோல் ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். உடம்பு பற்றிக்கொள்ளும்போது விசிறியை எடுத்துக் கொடுப்பேன். அடுத்தது எங்கே வலிக்கும், எதைப் பார்த்தால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று கேட்பார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவந்து, கேட்டதைக் கேட்டபடி சொல்வேன். அதனால் நாங்கள் ரொம்ப நெருங்கிவிட்டோம் என்று சொன்னால் அது பொய். பேச்சுப் பழக்கமில்லாத இரண்டு பேர் பொய்யில்லாமல் இருந்தோம், அவ்வளவுதான். மற்றபடி அவர் பாயில் அவர், என் மேசையில் நான்.

அறுபதாம் வருஷம் மாசியில் தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இதை அவர்தான் சொன்னார், அதே வார்த்தையில். டாக்டர் இனி வலிக்கு ஊசி மட்டும்தான் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டாம், வீட்டிலேயே கிடக்கிறேன் என்று அப்பா சொன்னார். ஏன் அட்மிட் செய்யவில்லை என்று தெருவில் கேட்டவர்களிடம், "அவரு வேணாம்னுட்டாரு" என்றேன். யாரும் நம்பவில்லை. பெண் பார்த்துக்கொள்ளச் சலித்துக்கொள்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், நான் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டேன். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

சாவு வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரி, "நல்லாத்தானே இருந்தாரு, இன்னா நோவு?" என்று கேட்டாள். வயசாகிவிட்டது, முதுகுவலி என்று சொல்லியிருந்தால் போதும்.

"புத்து. எலும்புக்குப் போயிருந்துச்சு. அவருக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

அழுகை ஒரு கணம் நின்றது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியை யாரும் தொடவில்லை. அந்த நாளில் அது ஒட்டிக்கொள்ளும் நோய் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஒட்டாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். நானும் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாற்பது பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தேன். ரிக்‌ஷாக்காரரும், பள்ளிக்கூடத்து ஆயாவும், சீட்டாடும் சிநேகிதர்களில் இரண்டு பேரும் வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு சாயங்காலம் வரை அடுக்கி வைத்த இலைகளோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு இலையைக் கழுவிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு ஆறியிருந்தது. சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை கூடியிருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.